குங்குமப்பூத் தராசில் மூக்கு மருந்து

என் தம்பி அந்த ஆறு சின்னப் பெட்டிகளையும் கடை மேசையில் வைத்தபோது நான் முதலில் செய்த காரியம், ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தது. இரண்டாவது காரியம், அதில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. அவன் கப்பலில் சமையல்காரன். ஏழெட்டு மாதத்துக்கு ஒரு முறை யாங்கோனுக்கு வருகிறவன், இறங்கியதும் நேராக அக்கா கடைக்கு ஓடி வந்திருக்கிறான். வேறொருத்தியாக இருந்தால் முதலில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருப்பாள்.

"போலி இல்லக்கா. சீமையில மருந்துக் கடைக்குள்ள போயி நானே கையில வாங்கினது."

"கையில வாங்கினா போலியாகாதா?" என்றேன்.

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். என்னைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊர் க்யிம்யிண்டைங் சந்தையில் இருபத்தெட்டு வருடமாக மசாலாக் கடை வைத்திருக்கிறேன். மிளகில் பப்பாளி விதையும், மிளகாய்த்தூளில் செங்கல் பொடியும், மஞ்சளில் என்னவென்றே தெரியாத மஞ்சளும் கலந்து கொண்டுவந்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விற்கப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். சிரிக்கிறவனைக் கண்டால் மூட்டையின் அடியில் கையை விட்டுப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. இந்த ஊரில் மருந்து வாங்குவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெட்டி ஒரு நாட்டுடையது, உள்ளே இருப்பது இன்னொரு நாட்டுடையது, வேலை செய்வது கடவுள் விட்ட வழி.

பெட்டிக்குள் இருந்தது மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்து. சின்னக் கண்ணாடிப் புட்டி, தலையில் அழுத்திப் பீய்ச்சும் மூக்கு. புகையிலையில் இருக்கும் அதே நிக்கோட்டினைத் தண்ணீராக்கி அடைத்திருக்கிறார்களாம். புகை பிடிக்க வேண்டும் என்று உயிர் துடிக்கும்போது ஒரு நாசியில் ஒரு தடவை, அடுத்த நாசியில் ஒரு தடவை. துடிப்பு அடங்கும். புகை உள்ளே போகாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இதையும் குறைத்து நிறுத்திவிடலாம் என்று தம்பி விளக்கினான். திருடனைப் பிடிக்கத் திருடனையே காவலுக்கு வைக்கிற கதையாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

என் வீட்டுக்காரரின் வலது கால் பெருவிரல் கறுத்துக்கொண்டிருந்தது.

அவர் ஆற்றோரத்தில் ஒரு கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்ப்பவர். அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், அப்பா மூட்டை தூக்கியவர். இவர் மட்டும் தூக்காமல் எண்ணுகிறார். எண்ணிக்கொண்டே முப்பது வருடமாகச் சுருட்டுக் குடித்தார். சேபோலெய் என்று பர்மியர் சொல்லும் இளஞ்சுருட்டு, ஒரு நாளைக்குப் பத்துக்குக் குறையாது. பங்குனியில் எங்கள் அம்மன் கோயில் தீமிதியில் வருடா வருடம் இறங்குவார். போன முறை இறங்கியபோது பெருவிரலில் ஒரு கொப்புளம். தீ மிதித்துக் கொப்புளம் வருவது பெரிய விஷயமில்லை, மஞ்சள் வைத்தால் ஆறிவிடும். இது ஆறவில்லை. சித்திரை போய் வைகாசியும் வந்தது. கொப்புளம் புண்ணாகி, புண்ணின் ஓரம் கறுத்தது.

விரதத்தில் குறை இருந்திருக்கும் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். குறை இருந்தது எனக்குத் தெரியும். கையில் காப்புக் கட்டியிருந்த பத்து நாளில் ஒரு நாள், கோயில் பாத்திர அறைக்குப் பின்னால் போய்விட்டு வந்த அவருடைய மஞ்சள் வேட்டியில் சுருட்டு வாடை அடித்தது. நான் வெளியே சொல்லவில்லை. மறக்கவும் இல்லை.

டாக்டர் ஒரு பர்மியர், சின்ன வயது, நிதானமாகப் பேசுகிறவர், மரியாதைக்கு சயா என்று கூப்பிடுவோம். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார். கிடைக்கவில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, புகைதான் காரணம் என்றார். ஆறு வாரம் ஒரு சுருட்டுக்கூடத் தொடாமல் இருந்தால் குழாயைத் திறந்துவிடுவேன், தொட்டால் திறந்தும் பயனில்லை, மறுபடி அடைத்துக்கொள்ளும், அப்புறம் விரலை எடுக்க வேண்டி வரும், விரலோடு நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றும் அவர் ஒன்று குடித்தார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலம்தான் தம்பிக்குப் போன் போட்டு, நீ போகிற ஊர்களில் இதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம், சரி என்றார்.

ஆக, மருந்து வந்துவிட்டது. அசலா என்று பார்க்க வேண்டுமே. மிளகாய் வாங்கும்போது நாங்கள் மூக்கால்தான் வாங்குவோம். ஒரு காயை ஒடித்து மூக்கருகே கொண்டுபோனால் எந்த ஊர்க் காய், மழையில் நனைந்ததா, போன வருடச் சரக்கா எல்லாம் தெரிந்துவிடும். மூக்குக்கு என்றே வந்த மருந்தை வேறெப்படிச் சோதிப்பது? தம்பி உள்ளே இருந்த காகிதத்தை விரித்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதே நான் புட்டியைத் திறந்து இடது நாசியில் ஒன்று, வலது நாசியில் ஒன்று அடித்துக்கொண்டேன்.

மூக்குக்குள் யாரோ உட்கார்ந்து மிளகு இடித்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தும்மினேன், தும்மி முடிப்பதற்குள் விக்கல் வந்தது. கடைக் கூரை மெல்லச் சுற்றத் தொடங்கியது. குளிர்ந்த வியர்வையோடு மல்லி மூட்டைமேல் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து ஓடிப்போய்ச் சந்துச் சாக்கடையில் காலையில் தின்ற மீன்குழம்பு மொகிங்காவை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"புகை குடிக்காதவங்க இத தொடவே கூடாதுன்னு போட்டுருக்குக்கா!" என்று தம்பி அலறினான்.

"அத முன்னாடியே படிச்சுச் சொல்றதுக்கு என்னடா?"

பின் மத்தியானம் வரை மூட்டைமேலேயே படுத்துக் கிடந்தேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு திருப்தி. சரக்கு அசல்.

மறுநாள் என் வீட்டுக்காரர் முதல் தடவை அடித்துக்கொண்டு பதினோரு முறை தும்மினார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பாவமாக என்னைப் பார்த்தார். "இதுக்குச் சுருட்டே தேவல," என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. புட்டியைச் சட்டைப் பையில் போட்டு அனுப்பினேன். முதல் வாரம் முழுக்கக் கிடங்கு வாசலில் தும்மிக்கொண்டே இருந்ததாகவும், தும்மலில் எண்ணிக்கை தவறி, மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்ததாகவும் சொன்னார். சுருட்டுத் தொடவில்லை என்றும் சொன்னார்.

சொன்னார். அவ்வளவுதான். காலையிலிருந்து மாலைவரை அவர் ஆற்றோரத்தில், நான் சந்தையில். பார்த்தது யார்? காப்புக் கட்டிய கையோடு சுருட்டுப் பிடித்தவர் அவர்.

கடையில் ஒரு குட்டித் தராசு உண்டு. வீசைக்கணக்கில் மிளகாய் நிறுக்கும் தராசு அல்ல. குங்குமப்பூவும் நல்ல ஏலமும் நிறுக்க வைத்திருக்கிறேன், மின்கலத்தில் ஓடுவது, உள்ளங்கை அகலம். ஒரு குங்குமப்பூ இழையை வைத்தால்கூட எண் அசையும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் தூங்கி எழுவதற்குள் புட்டியை எடுத்து அதில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். முந்தின நாளைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்து, மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவருக்குத் தெரியாது. என் கணக்கு எளிமையானது. மருந்து குறையாவிட்டால் அவர் சுருட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

முதல் வாரம் கண்டபடி குறைந்தது. ஒரு நாள் ஒன்றரை கிராமுக்கு மேல், ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஒன்றே கால். எனக்கு நிம்மதியாக இருந்தது. புண்ணைத் தினம் கழுவிக் கட்டும்போது கொஞ்சம் அன்பாகக்கூடக் கட்டினேன்.

இரண்டாவது வாரம் ஒன்று புள்ளி இரண்டு கிராம் குறைந்தது. மறுநாளும் ஒன்று புள்ளி இரண்டு. அதற்கு மறுநாளும். புதுப் புட்டி திறந்த நாளில் மட்டும் ஒரு துளி கூடுதல், பிறகு திரும்பவும் அதே எண். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார், அன்றும் அதே. மூன்றாவது வாரமும் அதே. தாள்களை வரிசையாகப் பரப்பித் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சந்தையில் நிறுத்து விற்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கையால் அள்ளிப் போடுகிறவனின் எடை ஒரு நாளும் ஒரே மாதிரி வராது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அதுதான் நேர்மையான எடை. ஒவ்வொரு முறையும் முள் அதே இடத்தில் நின்றால் தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அடியில் மெழுகு ஒட்டியிருக்கும். மனுஷனுடைய துடிப்பு ஒரு நாள் அதிகமாக இருக்கும், ஒரு நாள் குறைவாக இருக்கும். தினமும் ஒன்று புள்ளி இரண்டு கிராம் எப்படித் துடிக்கும்? நான் நிறுக்கிறதைக் கண்டுபிடித்துவிட்டார், கணக்காக ஆற்றில் அடித்துக் காலி செய்துவிட்டு, நிம்மதியாகச் சுருட்டுக் குடிக்கிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் சட்டையைத் துவைக்கும் முன் மோந்து பார்த்தேன். விரல் நுனிகளை, தூங்கும்போது, மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இல்லாததே சந்தேகத்தை வளர்த்தது. சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் போல மூங்கில் குச்சிகள் கிடந்தன, எடுத்து ஜன்னலில் வைத்தேன். சந்தை முனையில் சுருட்டு விற்கும் பர்மியப் பெண்ணிடம் போய் என் வீட்டுக்காரர் வருகிறாரா என்று கேட்டேன். "வருவாரு அமா. நிப்பாரு. பாப்பாரு. வாங்காம போயிடுவாரு," என்றாள். அமா என்றால் அக்கா. அவள் கண்ணை உற்றுப் பார்த்தேன். முப்பது வருட வாடிக்கையைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு என்ன பைத்தியமா? அவளையும் நம்பவில்லை.

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுப் படகுத்துறைக்கே போனேன். த்வாண்டே ஊர்ப் படகு ஒன்றிலிருந்து அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, வெட்கமில்லாமல், என் புருஷனை வேவு பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையாகப் பலகையில் ஏறி வந்தார்கள். படகிலிருந்து மூட்டையோடு ஒவ்வொருவரும் ஒரு மூங்கில் குச்சியும் கொண்டுவந்து கிடங்கு வாசலில் இவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். எத்தனை குச்சியோ அத்தனை மூட்டை. இவர் தாத்தா காலத்திலிருந்து அந்த ஆற்றோரத்தில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். வரிசை ஓய்ந்ததும் இவர் எழுந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு, கிடங்கின் பக்கச் சுவருக்குப் பின்னால் போனார். முதுகு தெரிந்தது. குனிந்தார். கை முகத்துக்குப் போனது. ஆற்றுக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது, புகை வந்திருந்தாலும் தெரிந்திருக்காது. எனக்கு அது போதும்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்டிருக்கும், எனக்குக் கவலை இல்லை.

"செவுத்துக்குப் பின்னாடி என்னா செஞ்சீங்க?"

"மருந்து அடிச்சேன். எல்லார் முன்னாடியும் தும்ம வெக்கமா இருக்கு."

மாவு டப்பாவைத் தூக்கித் தாள்களை மேசையில் வீசினேன். "தெனமும் ஒரே எடை! எப்படி வரும்? யாருகிட்ட காட்டுறீங்க உங்க வேலைய?"

அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். பென்சில் எண்களைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் நிறுத்துக்கொண்டிருந்தது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

சட்டைப் பையில் கை விட்டு மூங்கில் குச்சிகளை எடுத்து மேசையில் வைத்தார். பன்னிரண்டு.

"மொத வாரம் கண்ட நேரத்துல அடிச்சிட்டேன். இப்படியே போனா நிறுத்தவே முடியாதுன்னு பயம் வந்துருச்சு. அதான் காலையில பன்னெண்டு குச்சி வலது பையில. ஒரு தடவ அடிச்சா ஒண்ண எடது பையில போடுவேன். வலது பை காலியானா அன்னிக்கு அவ்ளோதான். துடிச்சுக்கிட்டே கெடப்பேன். ஒரு நாளுகூட மிச்சம் வச்சதில்ல, அவ்ளோ துடிப்பு. அடுத்த வாரத்துலேருந்து பதினொண்ணு ஆக்கலாம்னு இருந்தேன்." குச்சிகளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நான் குடிக்கல."

அந்தக் குச்சிகளை நான் எத்தனை நாள் துவைக்கும்போது எடுத்து வைத்திருக்கிறேன். அவருடைய வேலைக் குப்பை என்று நினைத்தேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். பன்னிரண்டு தடவை, இரண்டு நாசி, கணக்கு அப்படியே பொருந்துகிறது என்று என் மண்டைக்கு எட்டியது. பொருந்துகிற கணக்கைக் கண்டாலே எனக்கு எரிகிறதே.

"சாமியவே ஏமாத்துனவரு நீங்க. காப்போட குடிச்சவரு. என்னைய ஏமாத்துறது என்னா பெரிய காரியம்?" என்றேன்.

அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. புட்டியைக் குச்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். குச்சிகளை மட்டும் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை புட்டி மேசையிலேயே இருந்தது. அவர் அது இல்லாமல் வேலைக்குப் போயிருந்தார்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு சொல்ல முடியாது. மருந்தும் இல்லை, துடிப்பு இருக்கிறது, ரோஷம் வேறு. போகிற வழியில் சந்தை முனையில் அந்தப் பெண் கடை. ஒன்று வாங்கிப் பற்றவைத்தால் போயிற்று, ஐந்து வாரம் பட்டது பாழ், விரல் பாழ். அப்படி நடந்தால் காரணம் நான்தான். கடையின் பின்னறையில் கரி அடுப்பை மூட்டி மிளகாய் வறுத்துக்கொண்டே அழுதேன், யார் கேட்டாலும் மிளகாய்க் காந்தல் என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் அவர் உதடு வெளுத்து வந்தார். சோறு பாதி தின்றார். ஞாயிறு வீட்டில் இருந்தும் அப்படியே. மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மன்னிப்புக் கேட்காமல் அதைச் சொல்ல முடியவில்லை, கேட்க எனக்கு வரவில்லை. அதோடு, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அவர் அருகில் போகும்போதெல்லாம் என் மூக்கு தானாக மோந்து பார்த்தது.

திங்கட்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருந்தார். போகும்போது புட்டியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கறுப்பு பரவவில்லை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்புத் தசை தெரிகிறது என்றார். பிறகு ஒரு கருவியை எடுத்தார். கைப்பிடி அளவு இருந்தது, வாயில் வைக்க ஒரு காகிதக் குழாய். மூச்சைப் பிடித்து இதில் ஊதினால் புகையின் நஞ்சு மூச்சில் எவ்வளவு இருக்கிறது என்று எண் காட்டுமாம். மருந்து இல்லாமல் இரண்டு நாள் கழிந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஊதினார். மூன்று. பச்சை விளக்கு.

"புகையே இல்லை. நல்லது," என்றார் டாக்டர்.

சந்தோஷத்தில் நான் அழுதிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்ததோ இதுதான்: "சயா, இது எத்தன நாள் கதைய சொல்லும்?"

"நேற்று, இன்று. அவ்வளவுதான்."

"அப்ப அதுக்கு முன்னாடி குடிச்சிருந்தா தெரியாதுல்ல?" என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. "மெஷினு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? குடிக்காத ஆளு ஊதிப் பாத்தாதான தெரியும். குடுங்க, நான் ஊதுறேன்."

தராசை நம்புமுன் தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். டாக்டர் சிரித்துக்கொண்டே குழாயை மாற்றிக் கொடுத்தார். நானும் மூச்சைப் பிடித்து, கன்னம் உப்ப ஊதினேன்.

பதினெட்டு. சிவப்பு விளக்கு.

டாக்டர் சிரிப்பு நின்றது. எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆன்டி, நீங்க புகை பிடிப்பீங்களா?"

"நானா? சத்தியமா இல்ல!"

"பிடிக்கிறவங்களுக்குத்தான் இவ்வளவு வரும்." குரல் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். மூட்டையின் அடியில் கை விடுகிறவள் பார்க்கும் பார்வை. பக்கத்தில் நின்ற நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சந்தையில் பாதிப் பொம்பளைகள் சுருட்டுக் குடிக்கிறவர்கள்தான், நான் மட்டும் விதிவிலக்கு என்று யார் நம்புவார்கள்? இல்லை என்று மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்லப் பொய் போலவே கேட்டது.

"அவ குடிக்க மாட்டா, சயா," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க பகல் பூரா படகுத்துறையில இருக்கீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

தலை நிமிர்ந்து டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் எதில் சமையல் என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் அவிழ்ந்தது. மின்சாரம் வருவது தெரியாது, போவது தெரியாது. ஒரு வருடமாக வீட்டிலும் கரி, கடையிலும் கரி. பின்னறையில், காந்தல் சந்தைக்குள் போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, தினம் மூன்று மணி நேரம் மிளகாய் வறுக்கிறேன், அன்று காலையும் வறுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கரிப் புகையும் இந்தக் கருவியில் ஏறும் என்றார் டாக்டர். கதவைத் திறந்து வைக்கச் சொன்னார், அடுப்பை வெளியே கொண்டுபோகச் சொன்னார். பிறகு நாட்காட்டியைப் புரட்டி, அடுத்த வாரம் வியாழக்கிழமை குழாயைத் திறந்துவிடலாம் என்றார்.

நான் வியாழக்கிழமையை ஒழுங்காகக் காதில் வாங்கவில்லை. கரி என்ற பேச்சு வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதுதான் எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து சைக்கா பிடித்தோம். எங்கள் ஊர் சைக்காவில் மிதிக்கிறவருக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை, முதுகோடு முதுகு ஒட்டியபடி. அவர் முன்னே பார்த்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். நான் பின்னே பார்த்து உட்கார்ந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. அதனால்தான் கேட்க முடிந்தது.

"செகப்பு விழுந்துச்சே. உங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரலியா?"

"எதுக்கு வரணும்?"

"நான் ஒளிச்சு ஒளிச்சு குடிச்சிருந்தா?"

"நீதான் குடிக்கலன்னு சொன்னியே," என்றார்.

அவரும் அதையேதான் வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னார். நான் குடிக்கல. அந்தச் சொல்லை நான் எதில் வைத்து நிறுத்தேன் என்று நினைத்தபோது அவமானம் தாங்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். முதுகு குலுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும். விலகி உட்காரவில்லை.

"நான் செஞ்சது தப்பு," என்றேன். "அந்தத் தாளையெல்லாம் அடுப்புல போட்டுர்றேன்."

"மொதல்ல அடுப்ப வெளிய வை," என்றார்.

கைப்பையிலிருந்து புட்டியை எடுத்துத் தோளுக்கு மேலாக நீட்டினேன். அவர் விரல்கள் வாங்கிக்கொண்டன. இரண்டு தடவை அழுத்தும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் விட்டிருந்ததில் மூக்குக்குப் பழக்கம் போயிருந்தது, முதல் நாள் போலத் தும்மினார். சைக்காக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு பையில் மூங்கில் குச்சிகள் உரசும் சத்தம். ஒரு குச்சி வலது பையிலிருந்து இடது பைக்குப் போயிருக்க வேண்டும். போனதா என்று பார்க்க என் கழுத்து பாதி திரும்பிவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

சைக்கா சந்தை முனையில் வளைந்தது. அந்தச் சுருட்டுக் கடை அவர் பக்கம் முதலில் வந்திருக்கும். என் பக்கம் வந்தபோது அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், கடை சின்னதாகிக்கொண்டே போனது. நான் பின்னே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.